மெக்கானிக் ஏறாத லிப்ட்

எங்கள் குடியிருப்பு லிப்ட் விழப்போகிறது என்ற செய்தி, ஒரு திங்கட்கிழமை காலை, பால் பாக்கெட்டுக்கு முன்பே வாசலுக்கு வந்துவிட்டது. ஆதாரமும் கையோடு வந்தது. லிப்டைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் லிப்டில் ஏறுவதே இல்லையாம். பத்துக் கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் படியிலேயே ஏறி மோட்டார் அறைக்குப் போகிறானாம், படியிலேயே இறங்குகிறானாம்.

“சமைச்சவனே வாயில வைக்காத சோறு சார் இது!” என்றார் சங்கச் செயலாளர்.

செயலாளர் ஒன்பதாவது மாடிக்காரர். முப்பது வருடம் தணிக்கை அலுவலகத்தில், யாரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் அதே வேலையை இலவசமாகச் செய்கிறார். அவர் கிளப்பிய பீதியில் பாதிப் பேர் படிக்கு மாறினார்கள். இரண்டாவது மாடி அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்தது. வருடக்கணக்கில் பேசாத இரண்டு குடும்பங்கள் நாலாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கும்போது சமாதானமாகின. இத்தனை நன்மை செய்யும் வதந்தியைச் சரிபார்ப்பது பாவம்தான். ஆனால் ஏழாவது மாடியில் இருக்கும் எனக்கு முழங்கால் என்று ஒன்று உண்டே. விசாரிக்கக் கிளம்பினேன்.

லிப்டில் பழுது இல்லை. அரசாங்க ஆய்வாளர் வந்து கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது லிப்டில்தான் இறங்கினார். செயலாளர் அதையும் நம்பவில்லை. “அவருக்கென்ன, வருஷம் ஒரு தடவை வர்றவர்!”

அப்படியானால் மெக்கானிக்கைத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாவது மாடிப் படியில் பிடித்தேன். நாற்பது வயது தாண்டியவர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூட்டிக்கொண்ட எந்த லிப்ட் கதவையும் திறந்துவிடுவார் என்பதால் கம்பெனியில் அவருக்குச் ‘சாவி’ என்று பெயர்.

“ஏன் படியில ஏறுறீங்க?”

“உடம்புக்கு நல்லது சார்” என்றார். சொல்லும்போதே கீழே லிப்ட் வந்து நின்று ‘டிங்’ என்றது. சாவி படியோரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். பை கீழே விழுந்து ஸ்பானர்கள் நாலாவது மாடி வரை உருண்டன. நான் பொறுக்கிக்கொடுத்ததும் பையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். மீதிக் கதையை அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம்தான் கேட்டேன்.

வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் பெண். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார். ஏழு மாதத்துக்கு முன், வேறொரு கட்டிடத்தில், சாவியும் அவர் கூட்டாளியும் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தார்கள். அந்தக் கூரையில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பிவிட்டால் கட்டிடத்தில் யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் லிப்ட் நகராது. பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம். கடைசியில் ஏறுபவர் “போட்டாச்சா?” என்று கேட்பார். முதலில் ஏறியவர் “போட்டாச்சு” என்பார். அன்றைக்குக் கூட்டாளி கேட்டார், சாவி சொன்னார். மேலே கடைசி மாடியில் யாரோ பட்டனை அழுத்தினார்கள். லிப்ட் மேலே போனது, தலைக்கு மேலிருந்த கான்கிரீட் தளத்தை ஒட்டி. சாவி ஒரு மூலையில் குந்தியிருந்ததால் பிழைத்தார். கூட்டாளி நின்றுகொண்டிருந்தார்.

சுவிட்ச் திரும்பித்தான் இருந்தது, உள்ளே தேய்ந்துபோயிருந்தது என்று விசாரணையில் எழுதியிருக்கிறார்கள். சாவி அந்தக் காகிதத்தைப் பலமுறை படித்திருக்கிறார். ஒருமுறையும் நம்பவில்லை. பார்த்துச் சொன்னேனா, பழக்கதோஷத்தில் சொன்னேனா? இதுதான் அவருக்குள் ஓடும் ஒரே கேள்வி.

“காலிங் பெல்லைக் கழட்டிப்போட்டாரு. குளிக்கிற ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிப்போட்டாரு. நான் குளிக்கும்போது பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும், யாரும் வந்துடக் கூடாதுன்னு. என் குரலுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா, பக்கத்து வீட்டுக்கு?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “பின்னாடி இருந்து தோளைத் தொட்டேன் அண்ணே. கையை முறுக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு நாள் சாப்பிடல.”

கம்பெனி சும்மா இருக்குமா? சாவி பெட்டிக் கூரைமேல் ஏறாமல் மற்றவர்களிடம் தள்ளிவிடுகிறார் என்று புகார் போனதும் தங்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். தரைத்தளத்தில், ஜன்னல் திறந்த, காற்றோட்டமான அறை. பெயரென்ன, தேதியென்ன, நூறில் ஏழு போனால் எவ்வளவு? நாலு நிமிடத்தில் ‘நார்மல்’ என்று முத்திரை விழுந்தது.

கம்பெனி மேனேஜரிடம் கேட்டேன். “தொண்ணூத்தி மூணுன்னு டக்குனு சொல்றான் சார். இவனுக்கு என்ன மனநோய்? சோம்பேறித்தனம். எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது” என்றார். அவர் காலத்தில் லிப்டே அதிகம் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

மனைவி ஒரு தந்திரம் செய்தார். “எனக்கு முதுகு வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க” என்று அழைத்துப்போய், சீட்டில் கணவர் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டார். மனநலப் பிரிவு வாசலில் தன் பெயரைக் கூப்பிட்டதும் சாவி எழுந்து நின்று, “நான் பைத்தியமாடி?” என்று கத்தியிருக்கிறார். உள்ளேயிருந்த டாக்டரம்மா வெளியே வந்தார். “கத்துறதை உள்ள வந்து கத்துங்க. இங்க ஃபேன் இல்ல.”

அந்த அம்மா நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்று பிடுங்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார். லிப்ட் நிற்கிறது என்று புகார் வருகிறது, போய்ப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

“நல்லா ஓடுதுன்னு எழுதிட்டு வந்தா அவன் மெக்கானிக்கே இல்ல மேடம். எந்த மாடியில நிக்குது, எத்தனை பேர் ஏறினா நிக்குது, எத்தனை நாளா நிக்குதுன்னு கேட்கணும். லோடு ஏத்திப் பார்க்கணும்.”

“சரி. உங்களுக்கு எந்த மாடியில நிக்குது?”

சாவி ஒவ்வொன்றாகச் சொன்னார். கூப்பிடாமலே அந்தக் காட்சி வந்து நிற்கிறது. அந்தத் தெருப் பக்கம் போவதில்லை, கூட்டாளி வீட்டுப் போனை எடுப்பதில்லை. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது. யார்மேலும் ஒட்டுதல் இல்லை. கடைசியில், ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். “நான்தான் மேடம் அவனைக் கொன்னேன்.”

டாக்டரம்மா மறுக்கவில்லை, தலையாட்டவுமில்லை. எழுதிக்கொண்டார். முதல் சில வாரம் இப்படிப் பதறினால் அதற்கு வேறு பெயர், பலருக்கு அது தானாக அடங்கிவிடும் என்றார். மாதம் தாண்டியும் நின்று, வேலையையும் வீட்டையும் தின்றால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. சோம்பலும் இல்லை, பைத்தியமும் இல்லை. பேசிப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிச் சரிசெய்ய முடியும். ஆனால் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் மோசமாகும்.

கழுத்தைப் பிடித்துத் தள்ளும் ஏற்பாடு அதற்குள் தயாராகிவிட்டது. செயலாளரும் மேனேஜரும் கூடிப் பேசி நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குடியிருப்போர் முன்னிலையில், மெக்கானிக் கீழிருந்து ஒன்பதாவது மாடிக்கு இரண்டு முறை லிப்டில் போய்வர வேண்டும். மறுத்தால் வேலை கிடையாது.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிரம்பியது. நாற்காலி கொண்டுவந்தவர்களும் உண்டு. சாவி அன்று காலை வழக்கம்போல மோட்டார் அறையில் எண்ணெய் விட்டு, பிரேக் பார்த்து, படியில் இறங்கி வந்திருந்தார். லிப்ட் கதவு திறந்து நின்றது. செயலாளர், “ஏறுப்பா, என்ன புதுப்பொண்ணு மாதிரி நிக்கிற?” என்றார். நாற்காலிகள் சிரித்தன.

சாவி லிப்ட் வாசற்படி வரை போனார், நின்றார், திரும்பினார்.

“ஏற மாட்டேன். லிப்ட் நல்லா இருக்கு. நான்தான் ரிப்பேர்ல இருக்கேன்.”

“பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டான்!” என்று மேனேஜர் கைதட்டாத குறை. “நாளையிலிருந்து வராத.”

கூட்டத்தின் பின்னாலிருந்து மனைவி வந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது; மிஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். டாக்டரம்மாவின் கடிதத்தை மேனேஜரிடம் நீட்டினார். “சத்தமா படிங்க சார். எல்லாரும்தான் வந்திருக்காங்களே.”

மேனேஜர் நோயின் பெயரைச் சத்தமாகத்தான் ஆரம்பித்தார், கிண்டலாக. அடுத்த வரியில் குரல் இறங்கியது. ‘பணியிடத்தில் நேர்ந்த விபத்தால் உண்டானது’ என்று எழுதியிருந்தது. தேய்ந்த சுவிட்சை மாற்றியிருக்க வேண்டியது கம்பெனி என்பது அவருக்குத் தெரியும். வேலையை விட்டு நீக்கினால் அந்த வரி எந்தெந்தக் கோர்ட்டில் போய் நிற்கும் என்பதும் தெரியும். காகிதத்தை மடித்தார். “மனிதாபிமான அடிப்படையில,” என்றார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் புதிது, இரண்டு இடத்தில் தடுக்கியது. சாவியை அதே சம்பளத்தில் பட்டறைக்கு மாற்றினார். அங்கே மேஜைமேல் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்க்கும் வேலை. வாரம் ஒருநாள் டாக்டரம்மாவிடம் போக அனுமதி.

செயலாளருக்கு ஏமாற்றம். நாற்காலிகள் கலைந்தபோது, “நடிப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு லிப்டில் ஏறிப் போனார். ஆமாம், லிப்டில்தான்.

ஒரே ஒரு விஷயம் முடியவில்லை. அன்று காலை சாவி பார்த்த வேலைக்கு, ‘லிப்ட் சரியாக ஓடுகிறது’ என்ற சர்வீஸ் சீட்டில் குடியிருப்பின் சார்பில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை சாவி இரண்டு முறை படியேறி வந்து கேட்டுவிட்டார். முதல் தடவை கண்ணாடி கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை, “என்னை வேற மாட்டிவிடப் பார்க்கிறியா? யோசிச்சுச் சொல்றேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.