கூடப் பிறந்த விண்மீன்கள்

இந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. கம்பெனிதான் கேட்கிறார்கள். 2009-ல் சேரப்பணஞ்சேரிக்கு வாடகை அறை தேடி வந்த அன்று, வீட்டுக்கார தேவகியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எங்கே என்று ஒற்றைச் சொல்லில் கேட்டார். ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, திசையன்விளை என்றேன். அவர் சற்று யோசித்தார். "அது இன்னா கம்பெனிம்மா, புச்சா வந்துகீதா? ஒரகடத்தாண்டயா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தெரியாத ஒரு கம்பெனியின் பெயரை மனதில் குறித்துக்கொள்கிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

தெற்கே இருக்கிற உங்களுக்கு இது விளங்கக் கொஞ்ச நாளாகும். நம் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மா முதலில் ஊரைக் கேட்பாள், பிறகு யார் மகள் என்று கேட்பாள், இறங்குவதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். இங்கே காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. எந்த பஸ்ஸில் ஏறுகிறோமோ அதுதான் நாம். என் பஸ் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது, போன் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலைக்கு. அங்கே டெஸ்டிங்கில் நின்றேன். லைன் என்கிற வரிசையில் வருகிற போனை எடுத்து, திரை எரிகிறதா, ஒலி வருகிறதா, பொத்தான்கள் அமுங்குகின்றனவா என்று பார்த்து அடுத்த கைக்குத் தள்ளவேண்டும். நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டால் எங்கள் வரிசையில் யார் யாரென்று அம்மாக்களுக்கே அடையாளம் தெரியாது.

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் ஆள் எடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். பிளஸ் டூ பெண்கள்தான் வேண்டும், மேலே படித்தவர்கள் நிலைக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டியவர். நான் படிப்பை முடித்த வருடம் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தங்கை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதனால் மேலே படித்த ஐந்து வருடத்தையும் வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊரிலோ கதை நேர்மாறாக ஓடியது. எம்.எஸ்ஸி. படித்த மகள் போன் துடைக்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. சுயம்புக்கனி மெட்ராஸ் பக்கம் காலேஜில் பாடம் எடுக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். ஒருமுறை சொன்னதால் அடுத்தவர்களிடமும் சொல்லவேண்டியதாயிற்று. பொங்கலுக்குப் போனால் தெருவே என்னை டீச்சர் என்றது. ஊரில் என்னைவிட உயரமான ஒருத்தியாகவும் இங்கே என்னைவிடக் குட்டையான ஒருத்தியாகவும் இருந்தேன்.

அறையில் நாங்கள் நாலு பேர். என்னோடு ஒட்டிக்கொண்டவள் கமுதிப் பக்கத்து முத்துலட்சுமி. என்னைவிடச் சின்னவள். அக்கா என்பாள், ஆனால் வா போ என்றுதான் பேசுவாள். குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். தன் சம்பளத்தில் ஊரில் வீட்டுக்குத் தளம் போட்டதை அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவேண்டும். வேலையைப் பற்றி ஒரு நாளும் குறைபட்டதில்லை. நான்தான் எம்.எஸ்ஸி.யை உள்ளே வைத்துக்கொண்டு குறைபட்டேன்.

அந்தப் படிப்பில் எனக்குப் பிடித்தது விண்மீன் கொத்துகள். கடைசி வருடத்தில் நானும் என் வகுப்புத் தோழி அருள்மேரியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு பழைய கொத்தின் விண்மீன்களை நிறத்தாலும் ஒளியாலும் பிரித்து வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தோம். அருள்மேரி ஆராய்ச்சிக்காக பெங்களூர் போனாள். நான் இங்கே வந்தேன். ஆறேழு மாதம் போனில் பேசினோம். பிறகு அவள் பேசுகிற விஷயங்களும் நான் சொல்லாத விஷயங்களும் இடையில் வந்துவிட்டதால் பேச்சு நின்றுபோயிற்று.

2012-ல் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பேச்சாம். எங்கள் அம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். நானும் அந்தப் பக்கம் கல்லூரியில் பாடம் எடுப்பதாக அம்மா சொன்னதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், நேரில் பேசிக்கலாம் என்று வைத்துவிட்டாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். முத்துலட்சுமியும் கிளம்பினாள். ஏசி போட்ட மண்டபம், மதியச் சாப்பாடு உண்டு என்றதும் அவள் தன் திருவிழாச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அக்காவுக்கு இப்படி ஒரு படித்த சிநேகிதி இருக்கிறாளே என்று வழியெல்லாம் ஆச்சரியப்பட்டபடி வந்தாள்.

அருள்மேரி நன்றாகப் பேசினாள். விண்மீன் திரள்கள் ஒரே நாளில் முழு உருவத்தோடு பிறந்தவை அல்ல என்று தொடங்கினாள். ஆதியில் எங்கும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடந்த பொருள், அங்கங்கே கொஞ்சம் கூடுதலாக இருந்த இடங்களை நோக்கிச் சரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் முதலில் குவிந்தது, அந்தக் குழிக்குள் வாயு விழுந்து குளிர்ந்தது, குளிர்ந்த வாயு விண்மீன்களாகச் சுருங்கியது. சின்னத் திரள்களைப் பெரிய திரள்கள் இழுத்துத் தமக்குள் சேர்த்துக்கொண்டன. நமது பால்வெளியும் அப்படிப் பலவற்றைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததுதான். வெளியிலிருந்து வந்தவை எவை என்பதை, அவை போகிற போக்கையும் அவற்றுக்குள் இருக்கும் தனிமங்களையும் வைத்து இன்றும் பிரித்துச் சொல்லிவிடலாம் என்றாள். முத்துலட்சுமி வாயைத் திறந்தபடி திரையில் சுழல்கிற படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்னை மறந்திருந்தேன்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, ஒரு கொத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். அருள்மேரி சிரித்தாள். இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுந்தவர் இங்கே இருக்கிறார், இந்த வட்டாரத்திலேயே கல்லூரிப் பேராசிரியை, என் வகுப்பின் முதல் மாணவி என்று சொல்லி மேடையிலிருந்து என்னை நோக்கிக் கையை நீட்டினாள். மைக் என் கைக்கு வந்துவிட்டது. பக்கத்தில் முத்துலட்சுமி என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அவள் பக்கம் திரும்பாமல் எழுந்து நின்றேன்.

"ஒரு கொத்துல இருக்கிற விண்மீன் எல்லாம் ஒரே மேகத்துல, ஏறக்குறைய ஒரே காலத்துல பிறந்தது. ஆனா எடை வேற வேற. எடை கூடினது வேகமா எரிஞ்சு சீக்கிரம் முடிஞ்சிரும். எடை குறைஞ்சது நின்னு எரியும். இப்ப எந்த எடை வரைக்கும் எரிஞ்சு போயிட்டு, எது மிச்சம் இருக்குன்னு பார்த்தா கொத்தோட வயசு தெரிஞ்சிரும்" என்றேன். அந்தப் பெண் விடவில்லை. கொத்து கடைசிவரை கொத்தாகவே இருக்குமா என்றாள். நெருக்கமாகக் கட்டுண்ட பெரிய கொத்துகள் பால்வெளியின் வயதுக்கே நிற்கும், தளர்ந்த சிறு கொத்துகள் சுற்றியுள்ளவற்றின் இழுப்பில் கலைந்துவிடும், நம் சூரியனும் அப்படி ஒரு கொத்தில் பிறந்திருக்கவேண்டும், கூடப் பிறந்தவை எங்கே போயின என்று இன்று நமக்குத் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு என் சொந்தக் குரலைக் கேட்பதுபோல இருந்தது. கைதட்டினார்கள். உட்கார்ந்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது. முத்துலட்சுமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, உன் வீட்டைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அருள்மேரி அடம்பிடித்தாள். கல்லூரிக் கார் இருந்தது. நான் தடுமாறியபோது முத்துலட்சுமிதான் முன்னால் வந்தாள். "மேடத்துக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருக்குங்க" என்றாள். யாரும் கேட்காமலே எனக்காகப் பொய் சொன்னாள். அந்த 'மேடம்' என் காதில் சுட்டது. அருள்மேரி அதைக் காதில் வாங்கவில்லை. ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்களை இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

சேரப்பணஞ்சேரியில் கார் நின்றதும் தேவகியம்மா வெளியே வந்தார். அருள்மேரியைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான், வாடகைக்குப் புதிதாக ஒரு ஆள். "இன்னாமா, நீயும் கனி லைன்தானா? இங்க இடம் இல்ல, நாலு பேர் கீறாங்க. பின்னால ரூம் ஒண்ணு காலியாவுது, கேட்டுச் சொல்றேன்" என்றார். அருள்மேரிக்கு லைன் என்பது புரியவில்லை. தேவகியம்மா விளக்கினார். போன் கம்பெனிதானே, இங்கே எல்லாம் அந்தக் கம்பெனிப் பெண்கள்தான், நாளைக்கு முதல் ஷிப்ட், விடியறதுக்குள் பஸ் வந்துவிடும், கனியைச் சீக்கிரம் படுக்கச் சொல்லு என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருத்தி தூங்கவேண்டுமே என்ற அக்கறையில் சொன்னார்.

அருள்மேரி அறைக்குள் வந்தாள். கொடியில் நாலு நீலக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமி ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அருள்மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரிஞ்சிருந்தா எல்லார் முன்னாலயும் ஒன் பேரச் சொல்லியிருக்கமாட்டேன்லா கனி."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் இருந்தவள் நான் மட்டும் இல்லை. அருள்மேரியின் கார் போன பிறகு முத்துலட்சுமி தம்ளர்களைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "நாங்க என்னக்கா, களவு வேலையா பாக்குறோம்?"

மண்டபத்தில் ஒரு பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் சொல்லத் தெரிந்த எனக்கு, நாலடி தூரத்தில் நிற்பவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் படித்து வாங்கிய பட்டத்தை மறைத்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நான் மறைத்தது அவளை. அவள் தளம் போட்ட வீட்டை, அவளுடைய நீலக் கோட்டை, நாங்கள் இருவரும் ஒன்றாகத் தின்ற சோற்றை ஊருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தேன். அன்று இரவு அவள் எனக்குத் தனித் தட்டில் சோறு போட்டாள். அதன் பிறகு வா போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வாங்க, சாப்பிடுங்க, மேடம். கோபத்தில் சொன்னால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் மரியாதையோடு சொன்னாள். லைனில் யாரிடமும் என்னைப் பற்றி வாயைத் திறக்கவும் இல்லை.

அருள்மேரி பெங்களூரில் ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டாள். ஓராண்டு வேலை, அதற்கு மேல் உறுதி இல்லை. தங்கை அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நான் போகவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன், இனி டீச்சர் என்று யாரிடமும் சொல்லவேண்டாம் என்று. நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்திச் சொல்ல என்று அம்மா அழுதாள். அவளுக்கும் வெட்கமாக இருந்தது. இருவரும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம்.

2014-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. லைன் ஒவ்வொன்றாக நின்றது. பெண்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். சிலர் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் படப்பையில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சராகச் சேர்ந்தேன். அம்மா இத்தனை வருடமாகச் சொன்னது ஒருவழியாக உண்மையாயிற்று. சம்பளம் கம்பெனியைவிடக் குறைவு. தேவகியம்மா இன்றும் என்னைப் பாவமாகத்தான் பார்க்கிறார். கம்பெனியிலே இருந்த பொண்ணு, இப்போ இஸ்கூலுக்குப் போவுது என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

2015-ல் முத்துலட்சுமிக்குக் கல்யாணம். கமுதிக்கு பஸ் ஏறிப் போனேன். எங்கெங்கோ போயிருந்த லைன் பெண்கள் பலர் வந்திருந்தார்கள், இடுப்பில் குழந்தையோடு சிலர். முத்துலட்சுமியின் அப்பா என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீச்சர் வாங்க என்று முன்வரிசையில் பெரியவர்கள் நடுவே உட்காரவைத்தார். பின்னால் பெண்கள் ஒருத்தியின் மடியில் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் கம்பெனிப் புள்ளைகள் எல்லாம் மேலே வாங்க என்று கூப்பிட்டபோது நானும் எழுந்து மேடைப் படியில் கால் வைத்தேன். முத்துலட்சுமியின் அப்பா ஓடிவந்தார். "டீச்சர், ஒங்களுக்குத் தனியா எடுப்பாக, செத்த பொறுங்க" என்றார். முத்துலட்சுமி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். பெண்கள் இருபுறமும் நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள், விளக்கு மின்னிவிட்டது.

இரண்டு படங்களையும் அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள். தனிப் படத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கை இடைவெளி விட்டு நிற்கிறேன், முத்துலட்சுமி மரியாதையாகக் கைகளைக் கட்டியிருக்கிறாள். இன்னொன்றில் எல்லாரும் இருக்கிறார்கள். அதன் ஓரத்தில், கீழே படியில் நிற்கிற ஒருத்தியின் தோளும் பாதிச் சேலையும் மட்டும் விழுந்திருக்கின்றன.