மடங்கிய விரல்

உத்தமபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த சேக் பரீத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். ஆனால் படமெடுக்க வந்தவர்களை மட்டும் "அசையாதீக" என்று அதட்டுவார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலாலும் பிளேடாலும் மாறுகண்ணை நேராக்குவார், அம்மைத் தழும்பை அழிப்பார். அதில் பாதி தொழில், பாதி இரக்கம்.

அந்த இரக்கம்தான் எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் அவரைக் கவிழ்த்தது.

சின்னமனூர் பூமாரி பரதநாட்டியம் ஆடுகிறவள். மெட்ராஸில் ஒரு நடனப் பள்ளிக்கு மனுப் போட, ஆடுகிற கோலத்தில் படம் வேண்டும் என்று வந்தாள். இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அவள் ஆத்தா சொல்லிவிட்டாள். இரவல் உடுப்பில், சலங்கை கட்டி, ஸ்டுடியோவில் நின்று படமெடுத்துக்கொண்டு போனாள். மனு அனுப்பவேண்டிய கடைசி நாளன்று படம் வாங்க வந்தவள், அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாய், என் மோதிர விரல் மடங்கியில்ல இருந்துச்சு?"

"ஊனமாக்கும்னு நெனச்சேன் தாயி. சுரண்டிட்டு நேரா வரஞ்சு விட்டேன். தெரியுதா பாரு?" பெருமையாகவே சொன்னார்.

"அய்யோ, அத மடக்குனாத்தான் முத்திரை! முத்திரையே தெரியாதவன்னு என்னையத் தூக்கிப் போட்ருவாகளே!"

பரீத் படத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். சுரண்டிய நெகட்டிவ் இனித் தேறாது. ஸ்டுடியோவில் மறுபடி எடுக்கலாமென்றால் மூன்று மணிவரை கரண்ட் இல்லை. ஐந்து மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். சின்ன கேமராவைத் தூக்கிக்கொண்டு, "வா தாயி, ஆத்தங்கரைக்கு" என்று முன்னால் ஓடினார்.

ஆடிக் காற்று மணலை வாரி இறைத்தது. பூமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். பழக்கதோஷத்தில் அவர் "அசையாத!" என்று கத்த, அவள் நின்றுவிடுவாள். நின்றதும் ஆட்டம் செத்துவிடும். மூன்று படம் இப்படியே பாழ்.

"நீங்க பேசாம இருங்க பாய்!" என்று அவள் சீறினாள். அதன்பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு, அவள் திரும்பிய பக்கமெல்லாம் தானும் ஓடி ஓடி எடுத்தார். அவர் கால்களுக்கு அன்றுதான் உருப்படியான வேலை கிடைத்தது.

கரண்ட் வந்ததும் கழுவிப் பார்த்தால், பன்னிரண்டில் ஒன்று தேறியது. விரல் மடங்கியிருந்தது, அவள் பார்வை அந்த விரலிலேயே இருந்தது. ஆனால் முதல் படத்தில் அவர் அழித்திருந்த கன்னத்து அம்மைத் தழும்பும் வெயிலில் பளிச்சென்று விழுந்திருந்தது. பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கை நமநமத்தது. கடைசியில் பென்சிலை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

பூமாரி முதலில் விரலைப் பார்த்தாள். பிறகு தழும்பைப் பார்த்தாள். தழும்பையேதான் வெகுநேரம் பார்த்தாள்.

"இத அனுப்பிர்றேன் பாய். அந்தப் பழைய படத்தையும் குடுங்க. இடம் கெடைக்கலேன்னா, மாப்ள வீட்டுக்குக் காட்ட ஆத்தா கேக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அத அப்பவே கிழிச்சிட்டேன் தாயி."

பொய். அவள் தபாலாபீசுக்குள் நுழையும்வரை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு ஸ்டுடியோ வாசலில் நடையாய் நடந்தார். பிறகு படத்தை வெளியே எடுத்து, தான் செய்த அந்த வழுவழுப்பான முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, நாலாகக் கிழித்தார்.