மேற்குப் பக்கத்து இரும்பு

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் என் அண்ணிக்கு. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரே வீட்டில் ஏழு வருடமாக இருக்கிறோம். துணி காயப்போடும் கம்பியிலிருந்து சாம்பாருக்குக் கரைக்கும் புளி வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்கிறோம். ஆனாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மிச்ச நேரத்தில் முதுகலை ஆய்வு. சூப்பர்நோவாவாக வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் சிதறல்தான் என் ஆய்வுப் பொருள். அந்தத் துண்டுகள் ஆயிரக்கணக்கான வருடம் சூடு குறையாமல் பறந்துகொண்டிருக்கும். சூடு பயங்கரமானது என்பதால் அவை எக்ஸ்ரேயில் ஒளிரும். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த அந்த எக்ஸ்ரே படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜொகூரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எட்டுமா? அப்படி வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஓர் ஆற்றலில் ஒளிரும். அதனால் சிலிக்கான் எங்கே, இரும்பு எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியும். இரும்பு நட்சத்திரத்தின் அடிவயிற்றில் உண்டாவது. அது எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால், வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடந்ததா, ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டதா என்று தெரியும். என் கணக்கில் கிழக்கில் இரும்பு நிறைய இருந்தது. மேற்கில் இல்லவே இல்லை. ஒருபக்க வெடிப்பு! என் ஆய்வு மேற்பார்வையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. திங்கட்கிழமை கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதாக இருந்தோம். அது போனால்தான் எனக்குப் பட்டம். ஆறு வருட உழைப்பு.

அதற்கு முந்தின நாள் மத்தியானம், கணினித் திரையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி என் பின்னால் வந்து நின்றார்.

அண்ணிக்குப் பொந்தியான் சொந்த ஊர். பாசிர் கூடாங்கில் எண்ணெய்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குழாயின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் பிலிமைப் பார்த்து உள்ளே விரிசல் உண்டா, ஓட்டை உண்டா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவர். போட்ட பிறகு குழாய் வெடித்தால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"இது என்னா, ரொட்டி சானாய் கருகிப்போன மாதிரி?" என்றார்.

நான் எரிந்து விழுந்தேன். அவர் அசையவில்லை. எதை வெறும் இடமாக எடுத்தாய் என்று கேட்டார். கேள்வி எனக்கு உடனே புரிந்தது, அதுதான் எரிச்சல். எந்தப் படத்திலும் கருவியின் இரைச்சலும் சுற்று வானத்தின் வெளிச்சமும் கலந்திருக்கும். பக்கத்தில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தை அளந்து அதைக் கழிப்போம். கிழக்குக்கு ஓர் இடம், மேற்குக்கு ஓர் இடம் எடுத்திருந்தேன். மேற்கில் நான் போட்டிருந்த சின்ன வட்டத்தைக் காட்டினேன்.

அண்ணி திரைச்சீலையை இழுத்துவிட்டார். விளக்கை அணைத்தார். கண் பழகட்டும் என்று என்னைச் சும்மா உட்காரவைத்தார். பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, திரையில் பளிச்சென்று இருந்த சிதறலின் வளையத்தை மறைத்தார். வேலையிலும் இப்படித்தான் செய்வார்களாம். வெளிச்சமான பகுதி கண்ணைக் கூசவைத்தால் மங்கலான குறை தெரியாமல் போய்விடும்.

"இப்ப பாரு. உன் வெறும் இடம் வெறும் இடமா?"

வட்டத்துக்குள் லேசாக ஏதோ இருந்தது.

"நீங்க குழாய் பாக்குறவங்க, அண்ணி. இது வானம்."

"சரி லா. இந்த வானத்துக்குக் கையெழுத்து போடறது யாரு? நீதானே?"

அவர் சமையலறைக்குப் போய்விட்டார். நான் கோபத்தோடேயே, மங்கலானதைத் தூக்கிக்காட்டும் வெளிச்ச அளவுக்குப் படத்தை மாற்றினேன். இரண்டு விநாடி வேலை. ஆறு வருடத்தில் அந்தப் பக்கத்தில் நான் அதைச் செய்யவே இல்லை. சிதறலின் மங்கலான விளிம்பு என் வட்டத்தின் குறுக்கே போயிருந்தது. மேற்கின் இரும்பை அளந்து, அதை மேற்கிலிருந்தே கழித்திருக்கிறேன். வட்டத்தை இன்னும் தள்ளிப் போட்டுத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். மேற்கில் இரும்பு வந்து நின்றது. கிழக்கைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

மேற்பார்வையாளருக்கு எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, அச்சில் வந்த பின் அசிங்கப்படுவதற்கு இது மேல் என்று எழுதினார். பட்டம் ஒரு கல்விப் பருவம் தள்ளிப்போனது. ஒருபக்க வெடிப்பு போய்விட்டது. கட்டுரை சின்னதாகிவிட்டது, ஆனால் உண்மை.

கட்டுரையின் கடைசியில் உதவியவர்களின் பெயரைப் போடுவது வழக்கம். அண்ணியிடம் கேட்டேன். தான் படிக்காத எதிலும் தன் பெயர் வராது என்றார். அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அதை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பாதி வரிகளில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது பாத்ததா, நெனச்சதா?"

நினைத்த வாக்கியங்களில் இரண்டை வெட்டினேன். மூன்றாவதை வெட்டமாட்டேன் என்று சண்டை போட்டேன். கடைசியில் அதில் 'இருக்கலாம்' என்று சேர்த்தேன்.

"சரி, போட்டுக்கோ," என்றார் அண்ணி. "முழுப் பேரா போடு. ஐ.சி. கார்டுல இருக்கற மாதிரி."