நன்றியுரையில் விடுபட்ட சைக்கிள்காரன்

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத கொக்குவிலில் சைக்கிள் டைனமோவை வைத்து வானொலியைப் பேசவைத்தவன் நான். பெற்றோல் கிடையாத நாட்களில் மண்ணெண்ணெயில் தண்ணீர் பம்பை ஓடவைத்தேன். பிறகு நோர்வேக்குப் போய், பேர்கன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலையில் தொடங்கி, பௌதிகப் பிரிவின் வேலைத்தளத்தில் பேராசிரியர்களுக்குக் கருவி செய்துகொடுக்கிற ஆளாக வந்தேன். படித்தது ஏழாம் வகுப்பு மட்டும்தான். பெருமைக்கு எழுதுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். பெருமைதான்.

இம்முறை ஊருக்கு வந்த நாள் முதல், எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குப் போத்தல் தண்ணீர்தான் தருகிறார்கள். நான் தங்கியிருப்பது மனைவியின் தம்பி யோகனின் வீட்டில். அந்தக் கிணற்றை ஒரு காலத்தில் நானே இறங்கி இறைத்துத் துப்புரவாக்கினேன். அதில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டால், "உங்களுக்கு உது ஒத்துவராது அத்தான், வயித்தாலை போகும்" என்கிறான்.

எங்கள் பேராசிரியர் ஹென்றிக்கை யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் பௌதிக உரைகள் நிகழ்த்த அழைத்திருந்தார்கள். நானும் லீவு போட்டு அவரோடு வந்தேன். முதல் உரை மின்சாரம் பிறக்கும் விதம் பற்றியது. அதற்காக நான் பேர்கனில் செய்த கருவி, வந்து பெட்டியைத் திறந்தபோது நொறுங்கிக் கிடந்தது. படங்களைக் காட்டியே சமாளிக்கலாம் என்றார் பேராசிரியர். மத்தியானம் வரை பொறுங்கள் என்றேன் நான்.

யோகனின் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் இரண்டு டைனமோ பூட்டி, பல்புகளும் சுவிட்சும் இணைத்தேன். ஒரு டைனமோ வீட்டிலேயே கிடந்தது. மற்றதைக் கொடிகாமத்துச் சைக்கிள் கடையொன்றில் தேடி எடுத்தேன்.

"ரேடியோ கேக்கப் போறியளோ அத்தான்? உள்ளை பெரிய ரீவி நிக்குது," என்று யோகன் நக்கலடித்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. பேராசிரியர் ஒரு மாணவியை அழைத்துப் பெடலைக் கையால் சுற்றச் சொன்னார். இலகுவாகச் சுற்றியது. நான் சுவிட்சைப் போட்டேன். பல்புகள் எரிந்தன, பிள்ளையின் கை தடுமாறியது.

"ஐயா, கனக்குது."

"கனக்கும் பிள்ளை. விடாமல் சுத்துங்கோ," என்றேன்.

அந்தக் கனத்தை நான் நன்றாக அறிவேன். என் அண்ணை கொழும்பில் இருந்த காலத்தில், அங்கே குழப்பம் என்று வானொலி சொல்லத் தொடங்கியது. அயலெல்லாம் எங்கள் முற்றத்தில் கூடியிருக்க, நான் தோள் கழன்றுபோகும்வரை சுற்றினேன். கை நின்றால் செய்தி அறுந்துவிடும். பேராசிரியர் பலகையில் எழுதிய சமன்பாடு எனக்கு விளங்காது. அது சொல்லும் கனம் விளங்கும்.

நோர்வேயில் எதற்கும் 'தக்' என்பார்கள், நன்றி என்று அர்த்தம். கதவைத் திறந்துவிட்டாலும் தக், கோப்பி நீட்டினாலும் தக். எங்கள் ஊரில் வீட்டுக்குள் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ஆனால் மேடை என்று வந்தால் நன்றியுரையில் ஒருவரையும் விடமாட்டோம். அதற்காகத்தான் அன்று நல்ல சேட்டாகப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தலைமை தாங்கியவருக்கு நன்றி சொன்னார்கள். ஒலிபெருக்கி போட்டவருக்கு, மாலை கட்டியவருக்கு, தேநீர் தந்தவர்களுக்குச் சொன்னார்கள். சைக்கிள் தந்துதவிய யோகனுக்கும் சொன்னார்கள். அடுத்தது நான்தான் என்று சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு பாதி எழும்பினேன். கூட்டம் முடிந்துவிட்டது.

நன்றியுரை சொன்ன விரிவுரையாளரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"குறை நினையாதேங்கோ அண்ணை. நீங்கள் பேராசிரியரோடை வந்த ஆளெல்லோ. உங்களை அவர் சொல்லுவார் எண்டு விட்டிட்டம்."

பேராசிரியரிடம் கேட்டேன். "இவர்கள் உன்னுடைய ஊர்க்காரர் அல்லவா? உன் பெயரை அவர்களே சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்," என்றார் நோர்வீஜிய மொழியில். பிறகு என் தோளில் தட்டி, "தக், தக்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் "என்ரை பேரை ஏன் சொன்னவை அத்தான்? நான் சைக்கிளை மட்டும்தானே தந்தனான்," என்று கேட்டான் யோகன். வீட்டில் அவன் நீட்டிய போத்தலை வாங்காமல் கிணற்றில் அள்ளிக் குடித்தேன். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சைக்கிள் இப்போது அந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தலைகீழாக நிற்கிறது. பிள்ளைகள் சுற்றிப் பார்க்கிறார்களாம். நல்லது, சுற்றட்டும். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு பலகை வைக்கவேண்டும். செய்தவர் வைத்திலிங்கம் நடராசா என்று அதில் எழுதவேண்டும். கொக்குவில் என்று போடுவதா, பேர்கன் என்று போடுவதா என்று இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டிருந்தால், ஊரை விட்டுவிடுங்கள். பெயரை விடாதீர்கள்.