நன்றியுரையில் நான் சொன்னது

என் மகளுக்கு எம்.பி.ஏ. படிக்க வெளிநாட்டில் இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொன்ன மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அவருக்கு நான் திருப்பிக் கொடுத்தும்விட்டேன். அதற்காக வருந்துகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

நாங்கள் கண்டி மஹய்யாவைக்காரர்கள், நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. என் அப்பா கண்டியில் தெருக் கூட்டியவர். பெரஹெரா ஊர்வலம் முடிந்த விடியலில் யானைச் சாணத்தையும் தீப்பந்தக் கரியையும் ஏரிக்கரை வீதியிலிருந்து அள்ளிப்போட்டு, ஊர் எழும்பும் முன்பே வீதியைத் துப்புரவாக்கிவிட்டு வருவார். அவர் என்னைப் படிக்கவைத்தார், நான் ஆசிரியையானேன். என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, தண்ணீர்க் குழாய் பதிக்கும் கம்பனி ஒன்றில் சேர்ந்தாள். மலைச்சரிவுகளில் நின்று, தன்னைவிட வயதில் மூத்த ஆண்களை வேலை வாங்கிப் பழகினாள். சில வருடங்கள் போனதும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “குழாய் எங்க போகணும்னு எனக்குத் தெரியும்மா. அத எங்க போடணும்னு முடிவெடுக்கிறவங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு தெரியல. அதப் படிக்கணும்.”

எங்கள் கோயில் சபையில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். வியாபாரக் குடும்பம், அம்பிட்டிய மலைப்பக்கம் பெரிய வீடு. அதே படிப்பை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று அச்சொட்டாகச் சொல்லிவிடுவார் என்று கோயிலில் பேச்சு. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனோம்.

“வாங்க டீச்சர், உட்காருங்க” என்று தானே கதிரையை இழுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு மகளைப் பார்த்து, வைத்தியர் நோயாளியைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே போனார். பட்டத்தில் என்ன வகுப்பு? நுழைவுப் பரீட்சையில் எவ்வளவு? வேலையில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? அப்பா என்ன வேலை? தாத்தா?

தாத்தாவின் வேலையைச் சொன்னது நான்தான். பெருமையாகவே சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. “மகள், உண்மையச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம பக்கத்துல இருந்து இன்ஜினியர்மார் கூட்டம் கூட்டமா அப்ளிகேஷன் போடுறாங்க. இந்தியாவுல இருந்து வர்றவங்களே அந்த யுனிவர்சிட்டிகளுக்குத் தாராளம். உங்களுக்கு ரெண்டாம் வகுப்பு, புள்ளியும் சுமார். இப்படியே போட்டா சான்ஸ் இல்ல.”

“அப்ப என்ன செய்யலாம் சேர்?”

“தாத்தாவ எழுதுங்க. வெளக்கமாறு, கக்கூஸ் வாளி, எல்லாத்தையும் எழுதுங்க. இன்ஜினியர்னு எழுதினா நீங்க ஆயிரத்துல ஒன்னு. தெருக் கூட்டுறவன் பேத்தின்னு எழுதினா ஒன்னே ஒன்னு. வெள்ளக்காரன் கண்ணு கலங்கிடுவான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “உங்ககிட்ட இருக்கிற சரக்கே அது ஒன்னுதான் மகள்.”

“யோசிக்கிறேன் சேர்” என்று அவள் எழும்பிவிட்டாள்.

மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது, “நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றேன். “புள்ளி சுமார்னு சொன்னது உண்மதானேம்மா. அத ஏத்திக்கலாம்” என்றாள். அவர் பேச்சில் வேலைக்கு உதவுவதை மட்டும் அவள் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். மிச்சம் முழுவதையும் நான் சுமந்துகொண்டு வந்தேன்.

அந்த வருடம் இருந்த புள்ளியோடேயே விண்ணப்பித்தாள்; எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்தது. வெள்ளிக்கிழமைப் பூசையில், கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு அவர் என் பக்கம் சாய்ந்தார். “என்ன டீச்சர், தாத்தாவ எழுதலையா? நான் சொன்னேனே.” சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. அன்றிலிருந்து அவருடைய கார் வீதியில் போவதைக் கண்டால், டயர் காற்றுப் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அறநெறி கற்பிக்கிற வாய் இது.

மகள் பரீட்சையைத் திரும்ப எழுதினாள். கட்டுரையையும் அடித்து அடித்து எழுதினாள். ஒரு மலைக் கிராமத்தில் மேல்தெருவும் கீழ்தெருவும் யாருக்கு முதலில் தண்ணீர் என்று மண்வெட்டியோடு நின்றதையும், இரு பக்கத்தையும் ஒரே கூடாரத்தில் உட்காரவைத்து அவள் பேசி முடித்ததையும் எழுதினாள். தாத்தா அதில் ஒரு வரியிலும் இல்லை. அடுத்த வருடம் இடம் கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் போனால் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைப்பது வழக்கம். பிள்ளைக்கு ஒரு மாலை என்றால், அதை ஆளாக்கியவர் என்று யாராவது ஒரு பெரிய மனிதருக்கு ஒரு பொன்னாடையும் உண்டு. அழைப்பிதழில் அவர் பெயருக்கு மேலே ‘வழிகாட்டி’ என்று போட்டிருந்தது. நன்றியுரை வழக்கம்போல என் தலையில். எல்லாரும் டீக்கும் பெட்டீஸுக்கும் எழும்பும் நேரத்தில் பேசுவது என்பதால், அதை எப்போதும் டீச்சரிடம் தள்ளிவிடுவார்கள்.

“பிள்ள நல்லபடியாப் போய்ச் சேரட்டும். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றார் என் கணவர். சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அவர் மைக்கைப் பிடித்தார். “என் வீட்டுக்கு வந்தப்போ இந்தப் பிள்ளைக்கு ஒன்னுமே தெரியாது. நான்தான் செதுக்கினேன்” என்றார். கைதட்டினார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் முறை வந்தது. தலைவருக்கு நன்றி, பந்தல் போட்டவர்களுக்கு நன்றி, டீ ஊற்றியவர்களுக்கு நன்றி என்று வரிசை தவறாமல் சொன்னேன். பிறகு, “வழிகாட்டி அவர்கள் எங்களுக்குத் தந்த ஆலோசனையை, நன்றி மறவாமல், இந்தச் சபையில் அப்படியே சொல்கிறேன்” என்று அவர் சொன்னதைச் சொன்னேன். வெளக்கமாறு, வாளி, கூட்டுறவன் பேத்தி, கண் கலங்கும் வெள்ளைக்காரன், எல்லாவற்றையும் அவருடைய குரலிலேயே சொன்னேன். அந்தச் சிரிப்பையும் விடவில்லை.

மண்டபத்தில் பாதிப் பேர் அந்த வேலை செய்தவர்கள், அல்லது செய்தவர்களின் பிள்ளைகள். எழும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: “கேக்கல டீச்சர், இன்னொருக்காச் சொல்லுங்க!”

இன்னொரு முறை சொன்னேன்.

“இதுக்கு இது சந்தர்ப்பம் இல்ல டீச்சர்” என்றார் அவர்.

“நன்றி சொல்ல நன்றியுரைதானே சேர் சந்தர்ப்பம்.”

அவர் பக்கவாசல் வழியாகப் போனார். பெரிய மனிதர் புறப்பட்டால் கார்க் கதவு வரை நாலு பேர் கூடப் போவது எங்கள் வழக்கம். அன்று ஒருவரும் அசையவில்லை. அந்தக் காட்சியை நான் கண்ணால் குடித்தேன். பிறகு அவர் கோயில் சபையிலிருந்தும் விலகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது, ஒரு தேங்காய் கொண்டுபோய் உடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். “தாத்தாவக் காட்டித்தான் உள்ள போகணும்னா வேணாம்னு இருந்தேன்மா. தாத்தாவ மேடையில ஏத்தினது நீங்கதான்.” அறைக்குள் போய் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.

அவள் போய்ச் சேர்ந்து, முதல் வாரம் கழித்துப் பேசினாள். வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

“நீ என்ன சொன்னே?”

“குழாய் பதிக்கிற வேலைன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்மா. அது போதுமா இருந்துச்சு.”

நான் செய்தது சரியா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. தப்பு என்று அவள் சொல்லியிருப்பாள். அவளுக்கு அது தப்பாகவே இருக்கட்டும். அந்த மனிதர் எனக்கு முன்னால் மறுபடி ஒரு மைக்கைப் பிடித்தால், நானும் எழும்புவேன்.