அமானுஷ்யமும் ஒரு ஜோடி நீலச் செருப்பும்

ஒரு காலத்தில் ‘அமானுஷ்யம்’ என்ற சொல் இல்லாமல் எனக்குக் கதையே எழுத வராது. சாத்தம் மரம் அறுக்கும் மில் விடுமுறை நாளில் சத்தமில்லாமல் கிடந்தால் அமானுஷ்யம். மழைக்கு முன் தென்னை அசையாமல் நின்றால் அமானுஷ்யம். மனித இயல்பை மீறியது என்று அகராதி பொருள் சொல்லும். நான் ஊறுகாய் மாதிரி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொண்டேன்.

“குழாயில தண்ணி வரலன்னாலும் ஒங்களுக்கு அமானுஷ்யம்தான்” என்பாள் மனைவி.

அவள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. நான் மதுரைக்காரன், இந்தத் தீவில் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுப்பவன். டாலிகஞ்ச் வீட்டில் எங்களோடு இருந்த அவள் தம்பிக்கு மீன்பிடித் தொழில். கடலுக்குப் போகிறவர்கள் செருப்பைப் படகு கட்டும் ஜெட்டியில் கழற்றிவிட்டுத்தான் டிங்கிப் படகில் ஏறுவார்கள்.

ஒருநாள் காலையில் திரும்ப வேண்டியவன் மதியமாகியும் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. தேடி அடுத்த துறையிலிருந்து படகுகள் போயிருந்தன. மனைவி வீட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்க, நான் ஜெட்டிக்கு ஓடினேன். காலையிலேயே திரும்பிவிட்ட மற்றவர்கள் செருப்பெல்லாம் போய்விட்டிருந்தது. அவனுடைய நீலச் செருப்பு மட்டும் கிடந்தது. வானம் மழைக்குக் கருத்திருந்தது, நாய் ஒன்று வேறு மோந்துகொண்டிருந்தது. செருப்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

கதவைத் திறந்தவள் என் கையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பாடி கெடச்சிருச்சா?”

“ஐயோ, இல்ல. நனையுமேன்னு எடுத்தேன்.”

“கடலுக்குப் போனவன் இனி வரமாட்டான்னு தெரிஞ்சாத்தான் செருப்ப வீட்டுக்குக் கொண்டு வருவாக. எங்கப்பா செருப்பு அப்பிடித்தான் வந்துச்சு.”

அவள் செருப்பை மார்போடு அணைத்தபடி ஆட்டோ ஏறினாள்; நானும் ஏறிக்கொண்டேன். ஜெட்டியில் கிடந்த இடத்திலேயே வைத்தாள். மழையில் நின்றோம். அந்த இரண்டு ரப்பர்த் துண்டுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. பயமாக இருந்தது. அத்தனை கதைகளில் நான் பெயர் சொல்லித் திரிந்தது இந்த உணர்வைத்தான். அன்றைக்கு அந்தப் பெயர் ஞாபகத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதவும் இல்லை. அந்த மாதிரி இடம் வந்தால், என்ன கிடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

நாலு மணிக்கு ஒரு பெங்காலிக்காரர் படகு அவன் டிங்கியை இழுத்து வந்தது.

“இஞ்சின் பந்த் ஆயி நின்னுருச்சு மச்சான்” என்று இறங்கியவன், செருப்புக்குள் காலை விட்டதும் முகம் சுளித்தான்.

“இத யாராச்சும் எடுத்து வைக்கக் கூடாதா? சொதசொதன்னு நனைஞ்சு கெடக்கு.”

அவள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள்.