விருந்துக்கு வடை கொண்டுவந்த இந்தியர்கள்

நவம்பர் கடைசி சனிக்கிழமை, காலை எட்டு மணி. மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில், லார்க்கின் நிலையத்தில் பொந்தியான் பேருந்தில் ஏறினேன். நான் போகும் பெக்கான் நானாஸ், நானாஸ் எனும் அன்னாசிக்குப் பேர்போன ஊர், சுமார் நாற்பது கிலோமீட்டர். ஸ்கூடாய் நெரிசலைத் தாண்டியதும் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கின.

"நானாஸ் வாங்கப் போறீங்களாம்மா?" என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

"இல்ல ஆன்ட்டி. அமெரிக்காக்காரங்க அறுவடை விருந்தைப் பத்தி பிள்ளைங்களுக்குச் சொல்லப் போறேன்."

"நம்ம பொங்கலையே கேட்டா முழிக்குதுங்க, இதுல அமெரிக்கா வேற!" என்று சிரித்தார்.

பெக்கான் நானாஸில் என் தோழி சுதா, குடியிருப்பு மண்டபத்தில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு நடத்துகிறாள். இந்த மாதப் பாடம் அறுவடைத் திருநாள்கள். நண்பகலில் பெற்றோர் முன்னிலையில் அமெரிக்காவின் 'நன்றி நவிலல் நாள்' நாடகம். அந்த முதல் விருந்து நடந்த மாசசூசெட்ஸில் வேலைப் பயிற்சிக்காக ஓராண்டு இருந்தவள் என்பதால் கதையின் பின்னணியைச் சொல்ல என்னை அழைத்திருந்தாள். நான்கு செய்திகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதல் செய்திக்கே வழியில்லாமல் போனது.

மண்டபத்தில் நுழைந்தால், காகிதத் தொப்பி போட்டு, கப்பலில் வந்த ஆங்கிலக் குடியேறிகளாகச் சில பிள்ளைகள் ஒருபுறம். மறுபுறம் பட்டுப்பாவாடை, மல்லிகைப்பூ, கையில் வடைத் தட்டுடன் பத்து வயது கவினா.

"நீ யாரும்மா?"

"நான்தான் அக்கா இந்தியர். கப்பல்ல வந்தவங்க பசியில கெடந்தாங்க, நாங்க சாப்பாடு குடுத்தோம். நம்ம ஆளுங்க அப்பவே அங்க போயிட்டாங்க லா!"

பள்ளிப் பதிவிலும் வீட்டிலும் தன்னை 'இந்தியர்' என்றே கேட்டு வளர்ந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? சுதாவைப் பார்த்தேன். "அழகா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

எல்லோரையும் தரையில் உட்கார வைத்தேன். கடல் கடந்து வந்த ஐரோப்பியர் இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணி வைத்த பெயர் அது. அந்த மண்ணின் மக்களுக்கு வாம்பனோக் என்று சொந்தப் பெயர் உண்டு. விருந்துக்கு முன்பே கொள்ளைநோய் அவர்களில் பலரைக் கொன்றிருந்தது. ஆனாலும் குடியேறிகளுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் போர் வந்தது, நிலம் போனது. இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த நன்றி நாள் துக்க நாள்.

கவினாவின் உதடு துடித்தது. "அப்போ எனக்கு வேஷம் இல்லையா?"

உண்மையைச் சொல்ல வந்த நான் அவளது வேடத்தைப் பறித்துவிட்டேன்.

சுதா கைவினைப் பெட்டியிலிருந்து இறகுகளை எடுத்தாள். "இதைத் தலையில கட்டிடலாமா?"

"வேணாம் சுதா, சினிமாவுல வர்ற அந்த இறகு வேஷம் இன்னொரு தப்பு. இப்படியே நிக்கட்டும். வேஷம் போடாம கதையை மட்டும் சொல்லட்டும்."

"முழுசாவா? சாப்பிடுற நேரத்துல சாவு, சண்டைன்னு... அப்பா அம்மாங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

கவினா நிமிர்ந்தாள். "நான் அழாம சொல்லுவேன் டீச்சர்."

சுதா சரியென்று தலையசைத்து, இறகுகளைப் பெட்டிக்குள் வைத்தாள்.

நண்பகலில் கவினா மேடையேறினாள். "இவங்க பேரு வாம்பனோக். இந்தியர்ங்கிறது மத்தவங்க தப்பா வச்ச பேரு" என்று தொடங்கியவள் எதையும் விடவில்லை. முடிவில் நாங்கள் எழுதித் தராத ஒன்றைத் தொப்பிக்காரர்களிடம் கேட்டாள்: "தேங்க்ஸ் சொன்னீங்களே, அப்புறம் ஏன் அவங்க நிலத்தை எடுத்துக்கிட்டீங்க?"

பெற்றோர் யாரும் கோபப்படவில்லை. ஒரு தாய் முதலில் கைதட்டினார்.

மாலையில் கவினாவின் அப்பா என்னைப் பேருந்து நிறுத்தத்துக்குக் காரில் அழைத்துச் சென்றார். சாலையின் இருபுறமும் அன்னாசிக் காடு. பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, இந்த நானாஸ் காட்டுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

"காடுதான்மா. நம்ம ஆளுங்கதான் வெட்டித் திருத்துனாங்க."

"காட்டுல யாரு இருந்தாங்க?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "மலாய்ல ஒராங் அஸ்லின்னு சொல்ற பூர்வகுடிங்க இருந்திருப்பாங்க. எங்க ஃபேக்டரியில அவங்க ஆளு ஒருத்தர் இருக்காரு."

"அவங்களுக்குச் சொந்தப் பேரு என்னப்பா?"

"தெரியலம்மா. பத்து வருஷமா ஒண்ணா தேத்தண்ணி குடிக்கிறோம், கேட்டதில்ல." கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "திங்கக்கிழமை கேட்டுட்டு வர்றேன்."

மாசசூசெட்ஸில் அந்த மண்ணின் மக்களின் பெயர்களைப் பலகைகளில் படித்தேன். இங்கே அப்படியொரு பெயரை ஒரு சிறுமி கேட்டு வாங்கப்போகிறாள்.